டீசலே அதற்கு எண்ணெய்

ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. காலையில் செல்ஃப் அடித்தால் பிடிக்க நேரமாகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் என்ஜின் வேகமெடுக்கிறது. இதில் எது நடந்தாலும் டீசல் வண்டி வைத்திருப்பவரின் சந்தேகம் முதலில் போய் நிற்பது பம்ப் மேல்தான். காரணம் எளிது: செலவு. ஃபில்டர் போனால் ஒரு வாடகையில் ஈடுகட்டிவிடலாம். பம்ப் போனால், அதுவும் இன்றைய காமன் ரயில் வண்டியில் போனால், அந்த மாதத் தவணையே ஆட்டம் காணும். அதனால் நோய் இன்னதென்று தெரியும் முன்பே மிகப் பெரிய நோயை நினைத்து மனம் பயந்துவிடுகிறது.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டா? உண்டு. ஆனால் பெரும்பாலும் அது தவறான இடத்தில் குவிகிறது. அதை விளக்க, பம்புக்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து நெருக்குகிறது. நெருக்கிய காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்த நொடியில் டீசலை மிக நுண்ணிய புகையாகப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். சிக்கல் எல்லாம் அந்தப் பீய்ச்சுதலில்தான். ஏற்கனவே பல பத்து மடங்கு அழுத்தத்தில் இருக்கும் காற்றுக்குள், ஒரு சொட்டை விடக் குறைந்த அளவை, சரியான நொடியில், பொடிப்பொடியாகச் சிதறும்படி செலுத்த வேண்டும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் என்ஜினை ஓட்டிக் காட்டியபோது இதற்கு அழுத்தமூட்டிய காற்றைத்தான் பயன்படுத்தினார். அந்தக் காற்றைத் தயாரிக்கும் கம்ப்ரஸர் பெரியது, கனமானது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி. லாரியில் ஏற்ற முடியாது. ராபர்ட் போஷின் நிறுவனம் 1927-ல் இன்லைன் பம்பைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் லாரி என்ற ஒன்று ஊரெங்கும் ஓடும் பொருளானது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்ய 1951-ல் மைக்கோ நிறுவனம் வந்தது. நிறுவனத்தின் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நம் பட்டறைகளில் அது இன்னும் மைக்கோ பம்ப்தான்.

இந்தப் பம்பின் உயிர், டீசலை அழுத்தும் பிளஞ்சர் என்ற தண்டும் அது ஓடும் பேரல் என்ற குழலும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டனுக்கு இருப்பது போல ரிங் கிடையாது, ரப்பர் சீல் கிடையாது. உலோகத்தின் வழவழப்பு மட்டுமே அழுத்தத்தைத் தாங்குகிறது. அதனால்தான் ஒரு பிளஞ்சரை அதன் ஜோடிப் பேரலிலிருந்து எடுத்து வேறொன்றில் போடக் கூடாது என்று பம்ப் சர்வீஸ் செய்பவர்கள் கறாராக இருப்பார்கள். டீசலில் அலசிய பிளஞ்சரைப் பேரலில் வைத்துச் செங்குத்தாகப் பிடித்தால் அது தன் எடையிலேயே மெல்ல, ஒரே சீராக இறங்க வேண்டும். எங்காவது தயங்கினால் அது கோடு விழுந்த ஜோடி.

இப்போது முக்கியமான கேள்வி: இவ்வளவு நெருக்கமாக உரசி ஓடும் இரண்டு இரும்புக்கு நடுவே எண்ணெய் யார் ஊற்றுகிறார்கள்? யாரும் ஊற்றுவதில்லை. அதன் வழியே போகும் டீசலே அதற்கு எண்ணெய். பழைய இன்லைன் பம்பில் கீழ்ப்பகுதியிலுள்ள கேம்ஷாஃப்டுக்காவது தனியே என்ஜின் ஆயில் கிடைத்தது. டிராக்டர்களிலும் சிறிய வண்டிகளிலும் வந்த ரோட்டரி பம்பில் அதுவும் இல்லை. பேரிங், கேம், ரோலர் எல்லாமே டீசலில்தான் முங்கி ஓடும். இன்றைய காமன் ரயில் பம்புகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். ஆக, டேங்கில் என்ன ஊற்றுகிறோமோ அதுதான் பம்பின் ஆயுள்.

எந்த எரிபொருளும் ஓரளவு மசகுத் தன்மை கொண்டதுதானே என்று தோன்றலாம். டீசலைப் பொறுத்தவரை அது நீண்ட காலம் உண்மையாக இருந்தது. பிறகு கந்தகத்தை எடுக்க ஆரம்பித்தோம். கந்தகம் எரிந்தால் வரும் புகை நுரையீரலுக்கும் கேடு, வண்டியின் புகை வடிகட்டிக்கும் கேடு. எனவே சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தச் செயல்முறை கந்தகத்தோடு நிற்பதில்லை. டீசலில் மிகச் சிறிய அளவில் இருந்த, ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் கொண்ட சில சேர்மங்களையும் சேர்த்தே வழித்துவிடுகிறது. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகக் காப்பாற்றியவை உண்மையில் அவைதான். கந்தகம்தான் மசகு என்று பட்டறையில் சொல்வார்கள். கந்தகத்துக்குக் கிடைத்த அந்த நல்ல பெயர் அதற்கு உரியதல்ல.

இதை முதலில் அனுபவித்த நாடு ஸ்வீடன். 1990களின் தொடக்கத்தில் அங்கே கந்தகம் அநேகமாக இல்லாத டீசலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சூழலியலாளர்கள் மகிழ்ந்தார்கள். கொஞ்ச நாளில் ரோட்டரி பம்ப் வைத்த வண்டிகள் வரிசையாகப் படுத்தன. மசகுக்கான சேர்க்கைப் பொருளை டீசலில் கலந்த பிறகே பிரச்சினை அடங்கியது.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் செய்யப்படும் ஒரு சோதனை. டீசலில் மூழ்கிய எஃகுத் தகட்டின் மேல் 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை 200 கிராம் எடையோடு வைத்து, நொடிக்கு 50 முறை, முன்னும் பின்னுமாக 75 நிமிடம் தேய்க்கிறார்கள். 60 டிகிரி வெப்பம். பிறகு உருண்டையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, அதில் விழுந்த தேய்மானத் தழும்பின் அகலத்தை அளக்கிறார்கள். தழும்பு சிறியதென்றால் நல்ல டீசல். ஐரோப்பாவில் இந்தத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இந்தியத் தர நிர்ணயமும் அதே 460-ஐத்தான் கேட்கிறது. அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். 60 மைக்ரான் வித்தியாசம் பெரிதா என்று கேட்டால், பம்ப் செய்பவர்கள் பெரிது என்றுதான் சொல்லிவந்திருக்கிறார்கள். அமெரிக்க பிக்அப் டிரக் உரிமையாளர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் பண்ணைக்காரர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், குதிரைகளை ஏற்றிய டிரெய்லர் இழுப்பவர்கள் எல்லாம் பெரிய டீசல் பிக்அப் வைத்திருப்பார்கள். அங்கே பம்ப் பயம் இரண்டு அலைகளாக வந்தது. முதல் அலை 1998 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டிகள். கம்மின்ஸ் என்ஜின், போஷ் விபி44 என்ற ரோட்டரி பம்ப். நிறைய பம்புகள் பாழாயின. பழி முழுக்க பம்ப் மேல் விழுந்தது. பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேறு ஒன்று தெரியவந்தது. டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சிறிய மின்சார லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் பலவீனமாகிவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. பெரிய பம்புக்கோ குளிரவைக்கவும் வழுக்கவும் போதிய டீசல் வராது. சில மாதம் பட்டினியில் ஓடி அது சாகும். விலை குறைந்த உதவியாளன் செய்த கொலை. விவரம் தெரிந்ததும் பலர் டாஷ்போர்டு ஓரத்தில் டீசல் அழுத்தத்தைக் காட்டும் ஒரு தனி மீட்டரை மாட்டிக்கொண்டார்கள். முள் 10 பிஎஸ்ஐக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் லிஃப்ட் பம்பை மாற்று. கவலைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை: கவலைப்படும் பொருளுக்கு ஒரு முள்ளைப் பொருத்திவிடுவது.

இரண்டாவது அலை சிக்கலானது. அந்தக் காலத்துக்குள் காமன் ரயில் வந்துவிட்டது. 1995-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லாரியில் அதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே அழுத்துவதற்குப் பதிலாக, பம்ப் ஒரு பொதுக் குழாயை எப்போதும் உச்ச அழுத்தத்தில் நிரப்பி வைக்கிறது. எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று இன்ஜெக்டருக்குக் கணினி சொல்கிறது. அழுத்தம் இன்று 2,000 பாரையும் தாண்டுகிறது. கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருப்பதே சுமார் 1,100 பார்தான்.

போஷின் சிபி3 என்ற காமன் ரயில் பம்பில் மூன்று பிளஞ்சர்கள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைத்து நல்ல பேர் எடுத்தது. அடுத்து வந்த சிபி4.2-ல் இரண்டு பிளஞ்சர்கள். இலகுவானது, அழுத்தம் கூடுதல். ஒவ்வொரு பிளஞ்சருக்குக் கீழேயும் ஒரு சிறிய உருளை கேம் மேல் உருண்டு ஓடும். அந்த உருளையைத் தாங்கும் கிண்ணம் தன் துளைக்குள் திரும்பிவிடாமல் உறுதியாகப் பிடித்து வைக்கும் சாவி எதுவும் அதில் இல்லை. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் குறுக்கே திரும்பிக்கொண்டால் உருளாமல் தரையைத் தேய்க்குமே, அதே கதி. டீசலில் காற்றுக் குமிழி வந்தோ, மசகு குறைந்தோ கிண்ணம் கொஞ்சம் திரும்பினால் உருளை உருளாமல் கேமைச் சீவத் தொடங்கும். சீவிய உலோகத் தூள் எங்கே போகும் என்பதுதான் விஷயம். ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் ஃபில்டர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எனவே தூள் ரயிலுக்குப் போகிறது, எல்லா இன்ஜெக்டருக்கும் போகிறது, ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கும் திரும்புகிறது. பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. அமெரிக்கப் பட்டறைகளில் இந்த வேலைக்குப் பில் 10,000 டாலரை எட்டுவது சாதாரணம். பல வண்டிகளில் முன்னறிவிப்பும் கிடையாது. நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடும்.

2011 முதல் 2016 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் டியூராமேக்ஸ் வண்டிகளில் இந்தப் பம்ப் இருந்தது. அவற்றில் லிஃப்ட் பம்பே கிடையாது. டேங்கிலிருந்து டீசலைப் பம்ப் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். உறிஞ்சும் குழாயில் எங்கே சின்னக் கசிவு இருந்தாலும் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். 2017 மாடலில் அந்நிறுவனம் டென்சோ பம்புக்கு மாறியது, லிஃப்ட் பம்பையும் சேர்த்தது. பழைய வண்டிகளுக்காக நடந்த கூட்டு வழக்கு 2024-ல் 5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. ராம் வண்டிகளின் கதை இன்னும் வேடிக்கை. 2019 மாடலில் சிபி3-ஐக் கழற்றிவிட்டு சிபி4-ஐப் போட்டார்கள். 2021 மாடலில் மறுபடியும் சிபி3. அந்த ஆண்டு நவம்பரில் இடைப்பட்ட வண்டிகளில் சுமார் 2,22,000-ஐத் திரும்ப அழைத்து, புதிய பம்பைக் கழற்றிப் பழைய மாதிரியை மாட்டிக் கொடுத்தார்கள்.

தண்ணீர் கலந்த டீசல் போட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பது வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு. இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 520 மைக்ரான் தழும்பு வரை சட்டப்படி விற்கலாம் என்ற நாட்டில், 460-க்குள் இருந்தால்தான் எனக்கு நல்லது என்று சொல்லும் பம்பை விற்றுவிட்டு, பிறகு டீசலைக் குறை சொல்வது நேர்மையாகப் படவில்லை. டீசல் மோசம் என்பது பாதி உண்மை. மோசமான டீசலை ஒரு முறைகூடப் பொறுக்க முடியாதபடி பம்பைச் செய்தது மீதிப் பாதி. அதே அமெரிக்க டீசலில்தான் சிபி3 இத்தனை காலமும் ஓடியது.

நம் லாரிகளுக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருந்தது. அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. படிப்படியாக இறங்கி, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வெறும் 10 பங்கு. இன்லைன் பம்பும் நம்மை விட்டு லேசில் போகவில்லை. 2017-ல் நாடு முழுக்க பிஎஸ்-4 மாசு விதி வந்தபோதுகூட அசோக் லேலண்ட் தன் லாரிகளில் இன்லைன் பம்பையே வைத்துக்கொண்டு, புகையைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஏற்பாட்டைச் சேர்த்துச் சமாளித்தது. எந்த ஊரிலும் சாதாரண மெக்கானிக்கே கை வைக்கக்கூடிய பம்ப் என்பது அன்று அதன் விற்பனைப் பெருமை. பிஎஸ்-6 அந்தக் கதவை மூடிவிட்டது.

பழைய பம்பின் மிகப் பெரிய நல்ல குணம், அது தவணை முறையில் சாகும். ஒரு பிளஞ்சர் தேய்ந்தால் ஒரு சிலிண்டர் மந்தமாகும். வண்டி உதறும், புகை தள்ளும், ஆனால் நாமக்கல் வரை வந்து சேர்ந்துவிடும். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடும் என்ஜினிலேயே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தினால் என்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. காமன் ரயிலில் இந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்துவிடக் கூடாது. 2,000 பாரில் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெளியே ஒரு முள் குத்திய அடையாளம்தான் தெரியும்; உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். கசிவு எங்கே என்று கையை வைத்துத் தடவிப் பார்ப்பதும் அதே ஆபத்து.

சரி, வண்டி இழுக்கவில்லை. பம்ப்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசியில் சந்தேகப்பட வேண்டியதைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும். முதலில் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும். ஃபில்டர் அடைத்திருந்தால் தட்டையான சாலையில் வண்டி நன்றாக ஓடும், ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கும். நிறைய டீசல் கேட்கும் இடத்தில்தான் பற்றாக்குறை தெரியும். அடுத்து காற்று. டேங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸை இடையில் மாட்டி என்ஜினை ஓடவிட்டால், சிறுசிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது கண்ணுக்கே தெரியும். பம்ப் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட வண்டிகளில், ஒரு வாஷரோ வெடிப்பு விட்ட ஹோஸோ மாற்றியதும் சரியான கதைகள் ஏராளம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேனரை மாட்ட வேண்டும். ரயிலில் எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்று கணினி கேட்கிறது, எவ்வளவு கிடைக்கிறது என்ற இரண்டு எண்களையும் அது அருகருகே காட்டும். கேட்டது 1,400, கிடைத்தது 900 என்றால் ஏதோ தவறு. அப்போதும் பம்ப்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்ஜெக்டர் தேய்ந்திருந்தால் பம்ப் ஏற்றிய அழுத்தம் ரிட்டர்ன் வழியே ஒழுகிப் போகும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சிறிய பாட்டிலில் விட்டு, சில நிமிடம் என்ஜினை ஐடிலில் ஓட்டினால் கதை தெரிந்துவிடும். ஐந்து பாட்டிலில் ஒரு விரல் உயரம், ஆறாவதில் பாதிப் பாட்டில் என்றால் குற்றவாளி அங்கே உட்கார்ந்திருக்கிறது, பம்ப் நிரபராதி.

ரிட்டர்னும் சமமாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்ற நிலையில்தான் பம்பின் மேல் கை வைக்க வேண்டும். அப்போதும் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. பம்பின் மேல் திருகப்பட்டிருக்கும் அளவுக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, அதன் நுனியிலுள்ள சின்ன வலையை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுத்தமான வலை என்றால் பம்பின் உள்ளே இன்னும் சீவல் தொடங்கவில்லை. டார்ச் ஒளியில் தங்கத் துகள் போல மினுமினுத்தால் அன்றோடு வண்டியை ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் அந்தத் தூள் இன்ஜெக்டருக்கு இன்னும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் சிபி4 வைத்திருப்பவர்களில் பலர் கோளாறு எதுவும் இல்லாதபோதும் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் இந்த வலையைப் பார்த்துவிடுகிறார்கள். வேறு சிலர் பம்புக்குள் சுற்றிவரும் டீசல் நேராக இன்ஜெக்டருக்குப் போகாமல் முதலில் டேங்குக்கும் ஃபில்டருக்கும் திரும்பும்படி குழாயை மாற்றிப் போடும் ஒரு கிட்டை வாங்கி மாட்டுகிறார்கள். அது பம்பைக் காப்பாற்றாது. பம்ப் செத்தால் மற்றவற்றைக் கூட இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளும்.

மசகுக்காக டேங்கில் எதையாவது ஊற்றுவது பற்றி: 2 சதவீதம் பயோடீசல் கலந்தாலே அந்த எஃகு உருண்டையின் தழும்பு கணிசமாகச் சிறுத்துவிடுகிறது என்பது சோதனைக் கூடத்தில் பார்க்கப்பட்ட உண்மை. 2டி ஆயில் ஊற்றும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. பிஎஸ்-6 வண்டியில் அதைச் செய்யாதீர்கள். எரிந்து மிஞ்சும் சாம்பல் சைலன்சரிலுள்ள புகை வடிகட்டியை அடைக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இதற்கு நேர் எதிர். மெலிதானது, மசகு குறைந்தது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று அதை வாங்குபவர் பிளஞ்சரைத்தான் விற்றுக் காசாக்குகிறார்.

உண்மையிலேயே பம்ப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பில்லைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் இடம் எது, கேட்கக் கூடாத இடம் எது என்பது தெரிந்திருக்க வேண்டும். சோதனை மேசையில் ஏற்றிப் பார்த்து இன்ஜெக்டர் நன்றாக இருந்தால் அதை மறுபடி போடலாமா என்று பேரம் பேசலாம். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டாம், நேரம் ஆகும் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய பம்ப் கடைசியாகத் துப்பிய இரும்புத் தூள் டேங்கின் அடியில் படிந்து கிடக்கிறது; புதிய பம்ப் முதலில் உறிஞ்சப்போவது அந்த டேங்கிலிருந்துதான்.